இரண்டு தாலந்துக்காரனுக்குக் கிடைத்த புகழ்



நம் பிள்ளைகள் சிலர் பள்ளிக்கூடத்துச் சாரணர் படையில் சேர்ந்து, காக்கிச் சட்டையும் கழுத்தில் ஸ்கார்ப்புமாய்ப் போவதைப் பார்க்கிறீர்கள். "இதனால் மார்க்கு கூடுமா?" என்று கேட்கிற பெற்றோர் உண்டு. மேடையில் கேடயம் வாங்கினால் மாத்திரம் கைதட்டுகிறவர்களும் உண்டு. இரண்டும் சரியல்ல. ஏனென்று கேளுங்கள்.

அர்ச். மத்தேயு சுவிசேஷம் 25-ம் அதிகாரத்தில், எஜமான் ஒருவன் ஓர் ஊழியனிடம் ஐந்து தாலந்தும் மற்றொருவனிடம் இரண்டும் ஒப்புவித்துப் போனான். முந்தினவன் வேறு ஐந்து சம்பாதித்தான். பிந்தினவன் வேறு இரண்டு. பத்து எங்கே, நாலு எங்கே! ஆனாலும் எஜமான் திரும்பிவந்தபோது இருவரையும் ஒரே வார்த்தைகளால் புகழ்ந்தான். எவ்வளவு கொண்டுவந்தான் என்றல்ல, வாங்கினதை வைத்து எவ்வளவு உண்மையாய் உழைத்தான் என்றே பார்த்தான்.

சாரணர் படைகளையும் நாம் அப்படியே பார்க்கவேண்டும். 1907-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பேடன் பவல் என்ற சேனாதிபதி, இங்கிலாந்தில் பிரவுன்ஸீ தீவில் ஏறக்குறைய 20 பையன்களைக் கூட்டி முதல் முகாம் நடத்தினார். பெரிய இடத்துப் பிள்ளைகளையும் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளையும் ஒரே அணியில் கலந்துவிட்டார். நம் தேசத்தில் 1950 நவம்பர் 7-ந் தேதி பாரத சாரணர் இயக்கம் உண்டாயிற்று. பிரவேஷ், பிரதம சோபான், துவிதீய சோபான், திருதீய சோபான் என்று பிள்ளை படிப்படியாய் ஏறவேண்டும். சோபான் என்றாலே படி என்றுதான் அர்த்தம். அதற்குமேல் கவர்னரின் ராஜ்ய புரஸ்கார் விருதும், ஜனாதிபதி விருதும் இருக்கின்றன. முடிச்சு, முதலுதவி, சமையல், கூடாரவாசம், ஊர்ச்சேவை எல்லாவற்றிலும் பரீட்சை உண்டு. ஒவ்வொரு படியும் மாதக்கணக்கான உழைப்பு.

2025-ம் ஆண்டு ஜனவரிக் கடைசியில் மணப்பாறையில் வைரவிழா ஜம்போரி நடந்தபோது ஆயிரக்கணக்கான பிள்ளைகள் கூடினார்கள். போனவர்களை வாழ்த்துவோம். ஆனால் தாயும் தகப்பனும் விடியற்காலையிலேயே பட்டாசு ஆபீசுக்கோ தீப்பெட்டி ஆபீசுக்கோ போய்விட, தம்பி தங்கையைக் குளிப்பாட்டிவிட்டுச் சனிக்கிழமை வகுப்புக்குத் தவறாமல் வந்துசேர்கிற பிள்ளையை யார் வாழ்த்துவது? எட்டுப் பேரே உள்ள கிராமத்துப் படைக்கு யார் கேடயம் கொடுப்பது?

நல்ல படையை அறிய அடையாளம் சொல்லுகிறோம். சேர்ந்த பிள்ளைகள் பாதியில் நின்றுவிடாமல் நிலைத்திருக்கிறார்களா? வருஷத்துக்கு ஒரு படியாவது ஏறுகிறார்களா? பெரியவன் சின்னவனுக்குக் கற்றுக்கொடுக்கிறானா? அவர்களால் ஊருக்கு ஏதாவது நன்மை உண்டா? இந்த நான்கும் இருந்தால், அலமாரியில் கேடயம் இல்லாவிட்டாலும் அது உயர்ந்த படையே.

நம் பக்கத்தில் இது விளையாட்டுக் காரியமல்ல. 2012 செப்டம்பர் 5-ந் தேதி முதலிப்பட்டி விபத்தில் முப்பதுக்கு மேற்பட்டவர்கள் மாண்டதை மறக்கமுடியுமா? உதவிசெய்ய ஓடிவந்த ஊரார் சிலரும் அதில் அகப்பட்டார்கள். நல்ல மனது மாத்திரம் போதாது, பயிற்சியும் வேண்டும். வெடிக்கிற இடத்தை நெருங்காமல் கூட்டத்தை விலக்கி நிறுத்தவும், தீக்காயத்தின்மேல் மையோ பற்பசையோ பூசாமல் 20 நிமிஷம் சுத்தமான குளிர்ந்த தண்ணீர் ஊற்றவும் தெரிந்த ஒரு பிள்ளை நம் தெருவில் இருப்பது எவ்வளவு பெரிய பாக்கியம்! "தயார்" என்ற சாரணர் வாக்கு இங்கே உயிரைக் காக்கிற வாக்கு.

"தர்மத்தை அந்தரங்கமாய்ச் செய்யச் சொன்னாரே நம் ஆண்டவர், பிள்ளைகளைப் புகழ்ந்தால் கர்வம் வராதா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. செய்கிறவன் புகழைத் தேடலாகாது என்பது மெய். ஆனால் பார்க்கிறவன் அதை மறைத்துவைக்கவும் கூடாது. உவமையில் எஜமான் வாய்திறந்துதான் புகழ்ந்தான். இல்லாததைச் சொல்லிப் புகழ்வதே கெடுதி. உள்ளதைச் சொல்வது நீதி.

ஆகையால் பெற்றோரே, இன்று பூசை முடிந்து வீட்டுக்குப் போனதும் உங்கள் பிள்ளையை அருகில் அழைத்து, எந்தப் படியில் இருக்கிறாய், இந்த வாரம் என்ன கற்றாய் என்று கேளுங்கள். ஒரு முடிச்சுப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டுப் பேசாதீர்கள். சம்பளத்துக்கு மிஞ்சி உழைக்கிற சாரண ஆசிரியரை வழியில் கண்டால் நின்று ஒரு நன்றி சொல்லுங்கள். அவருக்கு அதைவிடப் பெரிய விருது இல்லை.

ஒரு தாலந்து வாங்கினவன் அதை மண்ணில் புதைத்துத் தண்டனை அடைந்தான். பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டிய நல்ல வார்த்தையை நாமும் நெஞ்சுக்குள் புதைத்துவைத்தால், கணக்குக் கேட்கிற நாளில் சர்வேசுரனுக்கு என்ன உத்தரவு சொல்வோம்? நம் பிள்ளைகளை அவரே ஆசீர்வதித்துக் காப்பாராக. ஆமென்.