மனிதனின் உள்ளத்தை யந்திரம் படிக்கலாமா?



தலையில் சிறு உலோக வில்லைகளை ஒட்டி, மூளையில் எழும் மின் அலைகளை வரைந்து காட்டும் பரிசோதனைக்கு ஈ.ஈ.ஜி. என்று பெயர். வைத்தியமும் பொறியியலும் ஒரே வளாகத்தில் கற்பிக்கப்படும் நம் பொத்தேரியில் இப்பெயரைக் கேளாதவர் சொற்பம். ஆயினும் வைத்தியர் அதை எடுத்துவரும்படி சீட்டு எழுதிக் கொடுத்தால் பலருக்கு உள்ளூர ஓர் அச்சம். "நான் நினைப்பதெல்லாம் அதில் தெரிந்துவிடுமோ?" என்று கேட்பவரும் உண்டு.

இதைப் பேதைமை என்று தள்ளிவிடலாகாது. இந்த ஒரு கேள்விக்குள் இரண்டு கேள்விகள் அடங்கியிருக்கின்றன. மனிதன் உள்ளத்தில் வைத்திருப்பதை யந்திரம் படிக்க முடியுமா என்பது ஒன்று. முடியுமானால், அவன் சம்மதமின்றிப் படிப்பது நியாயமா என்பது மற்றொன்று. முதலாவது விஞ்ஞானத்தைச் சேர்ந்தது. இரண்டாவது ஒழுக்கத்தைச் சேர்ந்தது. நமது தேசத்தின் உச்ச நீதிமன்றமே 2010-ம் ஆண்டில் இவ்விரண்டையும் ஆராய வேண்டியதாயிற்று. நாமும் சற்று நிதானமாக ஆராய்வோம்.

முதலில் கருவியைப் பற்றி. நமது மூளையின் மேற்பரப்பில் கோடிக்கணக்கான நரம்பணுக்கள் உள்ளன. அவை ஒன்றோடொன்று தொடர்பு கொள்ளும்போது மிகச் சிறு மின்சாரம் எழுகிறது. ஓர் அணுவின் மின்சாரம் வெளியே எட்டாது. பல்லாயிரம் அணுக்கள் ஒரே திசையில், ஒரே சமயத்தில் எழுந்து தணிந்தால்தான், மண்டை ஓட்டையும் தோலையும் தாண்டி ஒரு மெல்லிய அலை வெளியே தென்படும். அதன் அளவு ஏறக்குறைய 10 முதல் 100 மைக்ரோவோல்ட். டார்ச் விளக்கில் போடும் ஒரு பாட்டரியின் 1.5 வோல்ட்டோடு ஒப்பிட்டால், 50 மைக்ரோவோல்ட் என்பது அதில் முப்பதாயிரத்தில் ஒரு பங்கு! ஆகவேதான் தலைமுடியில் எண்ணெய்ப் பசை இல்லாமல் குளித்து வரச் சொல்கிறார்கள். வில்லைகளுக்கும் தோலுக்கும் நடுவே பசை தடவி, இரண்டு இடங்களுக்கு இடையேயுள்ள மின்சார வேறுபாட்டை யந்திரம் பன்மடங்கு பெருக்கி வரைகிறது. யந்திரத்திலிருந்து தலைக்குள் மின்சாரம் எதுவும் செலுத்தப்படுவதில்லை. அச்சம் வேண்டாம்.

அந்த அலைகள் எதைச் சொல்கின்றன? கண்களை மூடி அமைதியாக இருப்பவனுக்குப் பின்னந்தலையில் நொடிக்கு 8 முதல் 13 முறை எழும் ஆல்ஃபா அலை தோன்றும். கண்ணைத் திறந்ததும் அது பெரும்பாலும் அடங்கிவிடும். ஆழ்ந்த உறக்கத்தில் நொடிக்கு நான்கிற்கும் குறைவான பெரிய அலைகள் வரும். வேளாங்கண்ணித் திருவிழாவன்று கோவில் மதிலுக்கு வெளியே நிற்பவனை எண்ணிக்கொள்ளுங்கள். உள்ளே ஜனங்கள் பாடுகிறார்களா, மௌனமாயிருக்கிறார்களா, கலவரம் ஏதும் எழுந்துவிட்டதா என்று அவன் ஓசையைக் கொண்டே சொல்லிவிடுவான். ஆனால் ஒரு மூலையில் முழந்தாளிட்டிருக்கும் தாய் மாதாவிடம் எதைக் கேட்கிறாள் என்று அவனால் சொல்ல முடியுமா? ஈ.ஈ.ஜி.யின் நிலையும் ஏறக்குறைய இதுவே.

இக்கருவியைக் கண்டவரின் சரித்திரமும் இதற்குச் சாட்சி. ஜெர்மனி தேசத்து ஹன்ஸ் பெர்கர் 1890-களில் ராணுவப் பயிற்சியில் இருந்தபோது, குதிரையிலிருந்து பீரங்கி வண்டியின் சக்கரத்தருகே விழுந்து மயிரிழையில் உயிர் தப்பினார். அன்று மாலையே அவர் நலமா என்று கேட்டுத் தகப்பனாரிடமிருந்து தந்தி வந்தது. தொலைவிலிருந்த சகோதரிக்கு அவர் ஆபத்தில் இருப்பதாகத் தோன்றியதாம். என் உள்ளத்தின் திகில் அவள் உள்ளத்தை எப்படி எட்டியது என்ற கேள்வியே பெர்கரை மூளை ஆராய்ச்சிக்கு இழுத்தது. யேனா நகரில் பலகாலம் உழைத்து, 1924-ல் மனிதனின் மூளை அலையை முதன்முதல் பதிவு செய்து, 1929-ல் அதை வெளியிட்டார். அவர் தேடியது உள்ளத்திலிருந்து உள்ளத்திற்குச் செல்லும் எண்ணம். கிடைத்ததோ கண்ணை மூடினால் எழுந்து, திறந்தால் அடங்கும் ஓர் அலை.

அந்த அலையால் விளைந்த நன்மை பெரிது. 1935-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகர ஆராய்ச்சியாளர்கள், குழந்தைகளுக்குச் சில நொடிகள் நினைவு தவறும் ஒருவகை வலிப்பில், நொடிக்கு மூன்று வீதம் கூர்முனை அலைகள் வருவதைக் காட்டினார்கள். வகுப்பில் விழித்தபடியே நினைவற்றிருந்த பிள்ளை, கவனமில்லாதவன் என்று அடிபட்ட காலம் உண்டு. அது நோய் என்று காட்டியது இக்கருவிதான். நம் பகுதியிலும் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1949-ல் டாக்டர் ஜேக்கப் சாண்டியும், சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில் 1950-ல் டாக்டர் பி. இராமமூர்த்தியும் நரம்பு அறுவை வைத்தியத் துறைகளைத் தொடங்கி, எத்தனையோ குடும்பங்களுக்கு ஒளியேற்றினார்கள்.

ஆகவே வலிப்பு கண்டால் பேய், செய்வினை என்று அலையவேண்டாம். கையில் இரும்புச் சாவியைத் திணிக்கவேண்டாம். நோயாளியைப் பக்கவாட்டில் சாய்த்து, வாயில் எதையும் நுழைக்காமல், வைத்தியரிடம் கொண்டு செல்லுங்கள். ஒருமுறை எடுத்த ஈ.ஈ.ஜி. சரியாக இருந்தாலே வலிப்பு இல்லை என்று ஆகிவிடாது. வைத்தியர் சொல்வதே முடிவு. பெண்ணுக்கு வலிப்பு என்று தெரிந்தால் கலியாணம் ஆகாதே என மறைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: இந்து விவாகச் சட்டத்தில் தடையாக எழுதப்பட்டிருந்த "வலிப்பு" என்னும் சொல்லையே 1999-ல் பார்லிமெண்ட் நீக்கிவிட்டது. சட்டம் விட்டுவிட்டதை நாம் பிடித்துக்கொண்டிருக்கலாமா?

இதுவரை நோயாளி தானாகத் தலையைக் கொடுத்தான். வைத்தியர் அவன் நன்மைக்காகவே பார்த்தார். இனி வேறோர் அறைக்குச் செல்வோம். அங்கே அமர்ந்திருப்பவன் நோயாளி அல்ல, குற்றம் சாட்டப்பட்டவன்.

பெங்களூர் நிம்ஹான்ஸ் நிலையத்தில் பணியாற்றிய உளவியல் அறிஞர் சி. ஆர். முகுந்தன், குற்ற விசாரணைக்கென்று ஒரு மூளை அலை முறையை வகுத்தார். சந்தேகத்துக்குள்ளானவர் தலையில் வில்லைகள் பதித்த தொப்பியை அணிந்து, கண்ணை மூடி அமர்ந்திருப்பார். குற்றத்தைப் பற்றிய வாக்கியங்கள் ஒவ்வொன்றாக அவர் காதில் விழும். அவர் வாய் திறக்கவேண்டியதில்லை. செய்தவனின் மூளை அந்த அனுபவத்தை நினைவுகூர்ந்து ஒருவித அலையைக் காட்டும். கேள்விப்பட்டவனின் மூளை அப்படிக் காட்டாது என்பது இம்முறையின் கொள்கை. புனே நகரில், விஷம் வைத்துக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட ஓர் இளம்பெண், காவலில் இருந்தபோது இதற்கு உடன்பட்டார். 2008 ஜூனில் ஆயுள் தண்டனை விதித்த நீதிமன்றம், தன் தீர்ப்பில் இப்பரிசோதனையையும் ஆதாரமாக எடுத்துக்கொண்டது. பிறகு உயர் நீதிமன்றம் அவரை ஜாமீனில் விட்டது. அவர் குற்றவாளியா, நிரபராதியா என்று சொல்ல நாம் யார்? நமது கேள்வி வேறு: வாய் பேசாதபோது தலையிலிருந்து எடுத்த அலையைச் சாட்சியம் என்று சொல்லலாமா?

2010 மே 5-ல், "செல்வி எதிர் கர்நாடக அரசு" என்னும் வழக்கில், தலைமை நீதிபதி கே. ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் மூன்று நீதிபதிகள் பதில் சொன்னார்கள். மயக்க மருந்து கொடுத்துப் பேசவைப்பது, பொய் கண்டறியும் கருவி, மூளை அலைப் பரிசோதனை ஆகிய மூன்றில் எதையும் ஒருவரின் சம்மதமின்றிச் செய்யலாகாது என்று விதித்தார்கள். தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லும்படி எவரையும் வற்புறுத்தலாகாது என்பது அரசியல் சட்டத்தின் 20(3) விதி. உயிரையும் சுதந்திரத்தையும் காப்பது 21-வது விதி. சம்மதித்தாலும், அதை மாஜிஸ்திரேட் முன்னிலையில், வக்கீல் துணையோடு பதிவு செய்யவேண்டும். முடிவு தன்னளவில் சாட்சியமாகாது என்றும் கூறினார்கள். இத்தீர்ப்பு சரியானதா? ஆட்சேபங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

முதல் ஆட்சேபம்: போலீஸார் கைரேகை எடுப்பதில்லையா? அதைச் செல்லும் என்று உச்ச நீதிமன்றமே 1961-ல் சொல்லியிருக்க, மூளை அலையை மட்டும் ஏன் தடுக்கவேண்டும்?

பதில்: ஒரு பெருவிரலை இருவகையில் பயன்படுத்தலாம். திருட்டு நடந்த வீட்டில் பதிந்த ரேகையோடு ஒப்பிட ஒருவனின் ரேகையை எடுத்தால், அது உடலின் அடையாளம். அவன் உயரத்தை அளப்பது போன்றதே அது. ஆனால் தூங்குகிறவனின் பெருவிரலைப் பிடித்து, மையில் தோய்த்து, நிலப் பத்திரத்தில் கைநாட்டு வைத்தால்? விரல் அதே விரல், மை அதே மை. அவனுக்கு எள்ளளவும் வலி இல்லை. ஆயினும் அது மோசடி என்று படிக்காதவனும் சொல்வான். பத்திரத்துக் கைநாட்டு "நான் சம்மதிக்கிறேன்" என்று பேசுகிறது, பேசவேண்டியவன் தூங்குகிறான். மூளை அலைப் பரிசோதனையிலும் அலை வெறும் அடையாளமாக நிற்கவில்லை. கேட்ட வாக்கியத்துக்கு விடையாக அது எடுக்கப்படுகிறது. விடை சொல்ல வேண்டியவனோ வாயை மூடிக்கொண்டிருக்கிறான்.

இரண்டாம் ஆட்சேபம்: பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் கண்ணீருக்கு என்ன பதில்? கொலைகாரன் மௌனத்துக்குள் ஒளிந்துகொள்ளலாமா?

இது எளிதில் ஒதுக்கத்தக்கதல்ல. குற்றத்தைக் கண்டு தண்டிப்பது அரசின் கடமை. அதில் அசட்டையாயிருப்பது அநீதி. ஆனால் நல்ல நோக்கம் தீய வழியை நல்லதாக்காது என்பது நாம் சிறுவயது முதல் கற்ற பாடம். அடித்து உண்மை வாங்குவதை ஒருகாலத்தில் நாடுகள் சட்டமாகவே வைத்திருந்தன. வலி தாங்காமல் நிரபராதிகள் ஒப்புக்கொண்டதைச் சரித்திரம் சொல்லும். இன்றைய தொப்பிக்கு வலி இல்லை. ஆனால் பிழை உண்டு. கேள்விப்பட்டதையும், பயந்து கற்பனை செய்ததையும், கனவில் கண்டதையும் மூளை நினைவாகவே தாங்குகிறது. நிரபராதி ஒருவன் தண்டிக்கப்பட்டால், அந்தத் தாய்க்கு நியாயம் கிடைத்ததாகாது; இன்னொரு தாய் அழுவாள், அவ்வளவே.

மூன்றாம் ஆட்சேபமே கடினமானது: நாளைக்குப் பிழையே இல்லாத யந்திரம் வந்துவிட்டால்?

அப்போதும் கூடாது என்பதே நம் பதில். பிழையை மட்டும் காரணமாகச் சொல்பவனின் நியாயம், யந்திரம் திருந்தும் நாளில் விழுந்துவிடும். உண்மையான காரணம் மனிதன் யார் என்பதில் இருக்கிறது. அவன் புத்தியும் சுயாதீனமும் உள்ளவன். தன் எண்ணத்தைப் பிறருக்குத் திறப்பது அவன் செய்யும் செயல். அவனைக்கொண்டு பிறர் செய்விக்கும் செயலல்ல. பன்னிரண்டாம் பயஸ் என்னும் பாப்பரசர் 12-ம் பத்திநாதர், 1953 அக்டோபரில் குற்றவியல் சட்ட அறிஞர்களிடம் பேசியபோது, விசாரணையில் உடல் வதை, மன வதை இரண்டையும், மருந்து கொடுத்துப் பேசவைப்பதையும் விலக்கவேண்டும் என்றார். 1958 ஏப்ரலில் உளவியல் அறிஞர்களிடம், ஒருவனின் உள்ளம் அவனுக்கே உரியது, அவன் இசைவின்றி அதில் நுழையலாகாது என்றும் போதித்தார். திருச்சபையின் நடைமுறையும் இதுவே. பாவசங்கீர்த்தனத் தொட்டியில் குரு காத்திருக்கிறார். இழுத்து வெளியே எடுப்பதில்லை. எல்லாம் அறிந்த சர்வேசுரனே மனிதன் தானாக வாய் திறக்கும் வரை பொறுத்திருக்கும்போது, நாம் அவசரப்படலாமா?

இது கோர்ட்டோடு முடிந்த காரியமன்று. நெற்றியில் கட்டிக்கொள்ளும் பட்டையாக இக்கருவி கடைக்கு வந்துவிட்டது. சீன தேசத்து ஜின்ஹுவா நகரில், ஒரு தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளின் தலையில் இத்தகைய பட்டையைக் கட்டி, கவனிக்கிறார்களா என்று ஆசிரியருக்கும் பெற்றோருக்கும் தெரிவித்தார்கள். 2019-ல் எதிர்ப்பு எழவே அது நிறுத்தப்பட்டது. தென் அமெரிக்காவின் சிலி நாடு 2021-ல் மூளைச் செயலையும் அதிலிருந்து கிடைக்கும் தகவலையும் காக்கும்படி தன் அரசியல் சட்டத்தையே திருத்திற்று. நம் பிள்ளைகள் வேலைக்குச் செல்லும் இடத்தில் நாளை இப்பட்டையை நீட்டி, "விருப்பமிருந்தால் அணியுங்கள்" என்பார்கள். வேண்டாம் என்றால் வேலை போய்விடுமோ என்ற பயத்தில் தலையசைப்பதற்குச் சம்மதம் என்று பெயரா? போலீஸ் காவலில் இருப்பவனின் தலையசைப்பும் இத்தகையதே. மறுக்கவும், மறுத்தபின் அச்சமின்றி வீடு திரும்பவும் முடிகிறவனே சம்மதிக்கக்கூடியவன்.

பெற்றோருக்கும் இதில் பங்குண்டு. மகனின் கைப்பேசியைத் திருட்டுத்தனமாகத் துழாவுகிறவர், நாளை அவன் தலையைத் துழாவும் கருவி வந்தால் அதையும் வாங்குவார். சிறு பிள்ளைகளைக் கண்காணிப்பது கடமைதான். ஆனால் வளர்ந்த பிள்ளையின் உள்ளத்தை அறிய, அவன் பேசும்போது கோபமின்றிக் கேட்பதைவிட நிச்சயமான வழி இல்லை. அதற்குப் பொறுமை வேண்டும்; யந்திரத்துக்குப் பணம் போதும்.

கடைசியாக ஒன்று. மௌனமாயிருக்கும் உரிமை, பொய் சொல்லும் உரிமையாகாது. நாம் செய்த தீங்கிலிருந்து நம்மை விடுவிப்பதுமாகாது. பிறர் கதவை உடைக்கலாகாது என்று சட்டம் காவல் நிற்பதால், அதைத் திறக்கும் கடமை முழுவதும் உள்ளே இருப்பவன் மேல் விழுகிறது. எவருக்காவது தீங்கு செய்து, வேறொருவன் பழி சுமக்க மௌனமாயிருப்பவர் நம்மில் இருந்தால், எந்தத் தொப்பியும் அவரைத் தேடி வரப்போவதில்லை. அவரேதான் எழுந்து போய், உரியவரிடம் உண்மையைச் சொல்லவேண்டும்.