மீந்த துணிக்கைகள்



ஐந்து அப்பத்தைப் பலுகச் செய்த சேசுநாதர், மீந்த துணிக்கைகளையும் சேர்க்கும்படி சீஷருக்குக் கட்டளையிட்டார். 12 கூடை நிறைந்தன. புதுமை செய்ய வல்லவரே மிச்சத்தை வீணாக்கவில்லை. நாமோ, தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடையுள்ள பிளாஸ்டிக் பையில் இன்றும் மீன் வாங்கி வருகிறோம். பிறகு அதைக் கொல்லையில் கொளுத்துகிறோம். தாய்மாரே, அந்த நச்சுப் புகையை முதலில் சுவாசிப்பது தொட்டிலில் கிடக்கும் உங்கள் சிசுவல்லவா?

பிரான்சிஸ் பாப்பானவர் 2015-ல் வரைந்த நிருபத்தில், வேண்டாத விளக்கை அணைப்பது, உண்ணுமளவே சமைப்பது போன்ற சிறு காரியங்களைக்கூட எடுத்துரைத்தார்.

வருஷப் பிறப்புப் பூசை முடிந்து கறிக்கடைக்குப் போகிறவர்கள் தூக்குச்சட்டியோடே கோவிலுக்கு வாருங்கள். சுவாமியார் கோபிப்பாரோ என்று அஞ்சவேண்டாம். என் சமையற்காரரும் அப்படித்தான் வருவார்.