மாணாக்கரும் கைத்தொலைபேசியும்



ஆன்மா சார்ந்ததன் வண்ணமாகும் இயல்புடையதென்பது சைவசித்தாந்தத் துணிபு. பளிங்கு தன்னருகே உள்ள பொருளின் நிறத்தைத் தன்னிறமாகக் காட்டுதல்போல, ஆன்மா மலத்தைச் சாருங்கால் மலத்தின் வண்ணமாயும், சிவத்தைச் சாருங்கால் சிவத்தின் வண்ணமாயும் நிற்கும். முதிர்ந்தோர்க்கே இஃது இயல்பாயின், இளஞ்சிறாரைக் குறித்துச் சொல்லவேண்டுவதென்னை? ஆதலின், அவர் நாள்தோறும் எதனைச் சார்ந்திருக்கின்றனரென ஆராய்தல் நமது முதற்கடமையாம்.

இக்காலத்துச் சிறார் பெரிதுஞ் சார்ந்திருப்பது கைத்தொலைபேசியையே. 2020 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலே கொரோனா நோய் காரணமாக இலங்கைப் பாடசாலைகள் மூடப்பட்டபொழுது, பாடங்கள் அக்கருவியின் வாயிலாகப் பல வீடுகளுக்குச் சென்றன. அன்று அது வேண்டப்பட்டது. பாடசாலைகள் மீளத் திறந்தன. கருவியோ கையைவிட்டு நீங்கிற்றில்லை.

அங்ஙனமாயின் அதனை முற்றாக விலக்குதுமோ எனின், அற்றன்று. ஸ்ரீலஸ்ரீ ஆறுமுகநாவலரவர்கள் மிஷன் பாடசாலையிலே பயின்று, அங்கே கற்பித்தும் இருந்தவர்கள். 1848 இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்தார்கள். பின்னர்ச் சென்னையிலிருந்து அச்சியந்திரம் கொணர்ந்து பாலபாடம் முதலிய நூல்களை அச்சிட்டார்கள். பாதிரிமார் கையாண்ட கருவியென்று அதனை வெறுத்தார்களல்லர், சைவத்துக்கு உரியதாக்கினார்கள். இன்று திருமுறைகளைப் பண்ணோடு கேட்டற்குக் கைத்தொலைபேசி உதவுதலும் மறுக்கற்பாலதன்று.

ஆயினும், அச்சுப்புத்தகத்துக்கும் இதற்கும் பேதம் உண்டு. புத்தகத்துக்குக் கடைசிப் பக்கம் உண்டு. அதனை முடித்த சிறுவன் தானே மூடிவைப்பான். யூடியூப், டிக்டொக் முதலியவற்றுக்கோ முடிவில்லை. ஒரு காட்சி முடிந்தவுடன் மறுகாட்சி தானே தோன்றும். விரலால் தள்ளுந்தோறும் புதியது வரும். பார்ப்போர் நெடுநேரந் தங்கினால் விளம்பர ஊதியம் பெருகுமாதலின், அவை அங்ஙனம் அமைக்கப்பட்டன. முடிவில்லாத பொருளைச் சிறுவன் கையிற் கொடுத்து, நீயே நிறுத்துவாயாக என்றல் நீதியன்று. எல்லை வகுத்தல் பெரியோர் கடன். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் திரை தகாதென்றும், இரண்டு முதல் நான்கு வயதினர்க்கு நாளொன்றுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேற்படலாகாதென்றும் உலக சுகாதார நிறுவனம் 2019 இல் அறிவித்தது.

மூத்த சிறார்க்கு எல்லை யாதெனின், நமது சமயவொழுக்கமே அதனைக் காட்டும். சந்தியாகாலத்திலே விளக்கேற்றித் திருநீறணிந்து தேவாரம் ஓதும் வேளை, உண்ணும் வேளை, உறங்கும் வேளை ஆகிய மூன்றினும் கருவி கையில் இருத்தலாகாது. இரவில் அது பிள்ளையின் படுக்கையில் அன்றி, யாவருங் காணும் பொதுவிடத்தில் இருத்தல் வேண்டும். பெற்றோர்க்கும் இவ்விதி ஒக்கும்.

இவ்விடத்து உபாத்தியாயர் சிந்திக்கவேண்டுவதொன்றுண்டு. சிலர் வீட்டுவேலையை இரவு எட்டுமணிக்குப் பின் வாட்ஸ்அப் மூலம் அனுப்புகின்றனர். தாய் கருவியை வாங்கி வைக்க, "சேர் பாடம் அனுப்பியிருக்கின்றார்" என்று பிள்ளை கேட்குமாயின், அவள் யாது செய்வாள்? வகுத்த எல்லையை நமது கையே அழித்ததாகும். பாடசாலை விடுமுன்னரே வீட்டுவேலையைக் கரும்பலகையில் எழுதிக் கொப்பியிற் பதிப்பித்தல் எவர்க்கும் அரிதன்று. வகுப்பிலே தாமும் கருவியை எடாதிருத்தல் அதனினுஞ் சிறந்தது. சிறார் செவியாற் கேட்டதினும் கண்ணாற் கண்டதனையே பற்றுவர்.

இன்னுமொன்று. ஆன்மா சார்பின்றி நில்லாது. ஒரு சார்பை நீக்கி வேறொன்று கொடாதொழியின், பிள்ளை நீக்கியதனையே ஒளித்துத் தேடும். ஆதலின், பண்ணிசை, புராணபடனம், கோயிலில் உழவாரத்தொண்டு, மாலையில் ஓடி விளையாட்டு ஆகியவற்றை முன்னர்க் கொடுத்துப் பின்னர்க் கருவியை வாங்குவோமாக. நற்சார்பு வலியுறுந்தோறும் மற்றைச் சார்பு தானே தளரும்.

நம்மிடம் ஒப்புவிக்கப்பட்ட சிறார் சிவத்தைச் சார்ந்து வாழ எல்லாம்வல்ல சிவபெருமான் திருவருள் புரிவாராக.

திருச்சிற்றம்பலம்.