சுவரைக் கடக்கும் கம்பி

வெளியே இரு கம்பங்களுக்கு நடுவில் தொங்கும் ஏரியல் கம்பியைக் காற்றே காக்கிறது. அறைக்குள் வந்துவிட்டால் அது நம் கண்முன் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே, சுவரைக் கடக்கும் ஒரு சாண் தூரம் யார் கண்ணிலும் படாது. அதிக ஆற்றலில் பேச நினைக்கும் ஹாம் வானொலிக்காரர் தன் பொறுமையில் பெரும்பங்கை அந்த ஒரு சாணுக்குக் கொடுக்க வேண்டும்.

*

400 வாட்டை 50 ஓம் கோஆக்சியல் கேபிளில் அனுப்பினால் அதில் இருப்பது சுமார் 141 வோல்ட். அரை அலைநீளக் கம்பியின் நுனியையே வீட்டுக்குள் இழுத்துவந்தால் கணக்கு மாறிவிடும். அங்கே எதிர்ப்பு 3,000 ஓம் என்று வைத்துக்கொண்டால், அதே 400 வாட் 1,100 வோல்ட்டை நெருங்கும். அலையின் உச்சத்தில் 1,500ஐத் தாண்டும். தொட்டால் தோல் வெந்துவிடும். பிள்ளைகளின் கைக்கு எட்டாத உயரத்தில்தான் கம்பி நுழையும் துளை இருக்க வேண்டும்.

வோல்ட்டைத் தாங்குவது பெரிய காரியமல்ல. உலர்ந்த காற்றே மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய 3,000 வோல்ட் தாங்கும். சங்கடம் வேறிடத்தில் இருக்கிறது. 7 மெகாஹெர்ட்ஸில் மின்புலம் விநாடிக்கு 70 லட்சம் முறை முன்னும் பின்னும் ஆடுகிறது. அந்த ஆட்டத்தில் எந்தப் பொருள் இழுபட்டு ஆடுகிறதோ அது சூடாகும். பிவிசி சூடாகும். ஈரம் குடித்த மரச்சட்டம் அதைவிட மோசம். டெஃப்லான், பாலித்தீன், நல்ல பீங்கான் ஆகியவை அநேகமாக அசைவதே இல்லை. கையில் கிடைத்த பிளாஸ்டிக் எந்த இனம் என்று தெரியாதபோது, ஒரு குவளைத் தண்ணீரோடு அதை மைக்ரோவேவ் அடுப்பில் சிறிது நேரம் வைத்துப் பார்ப்பது பழைய ஹாம்களின் வழக்கம். சூடேறினால் ஒதுக்கிவிடுவார்கள். அடுப்பின் அதிர்வெண் வேறுதான். ஆனாலும் மட்டமான சரக்கை அது காட்டிக்கொடுத்துவிடும்.

*

சுவர்த் துளையில் பொருத்தும் பீங்கான் இன்சுலேட்டரைக் கையில் எடுத்துப் பார்க்கிறேன். நடுவில் பித்தளைத் தண்டு, இரு முனையிலும் நட்டு, வெளிப்புறத்தில் பாவாடை மடிப்புபோல் வளையங்கள். அந்த வளையங்கள் அழகுக்காக வந்தவை அல்ல. மின்சாரம் மேற்பரப்பில் ஊர்ந்துவர வேண்டிய வழியை அவை நீட்டுகின்றன. ஒவ்வொரு மடிப்பின் அடிப்புறமும் மழையில் நனையாமல் கொஞ்சம் காய்ந்திருக்கிறது. மலேசியாவின் ஜொகூரில் அந்தக் காய்ந்த பகுதிதான் நம்மைக் காப்பாற்றுகிறது. நீரிணைப் பக்கமிருந்து வரும் காற்றில் உப்பு இருக்கிறது; அதன்மேல் தூசு படியும், பிறகு பச்சைப் பாசி. எல்லாம் சேர்ந்து நனைந்தால் அந்தப் படலமே கம்பியாகிவிடும். பிளாஸ்டிக்காக இருந்தால் அந்த வழியில் மெல்லிய கரிக்கோடு ஒன்று விழும். ஒருமுறை விழுந்த கோட்டைத் துடைத்து அழிக்க முடியாது.

*

மின்சாரத்தைக் கட்டிவைக்கும் பொருளை உலகுக்கு முதலில் அள்ளிக் கொடுத்த காடுகளில் இந்த மண்ணின் காடும் ஒன்று. 1843இல் சிங்கப்பூரிலிருந்த மருத்துவர் வில்லியம் மாண்ட்கோமரி கட்டாபெர்ச்சா என்ற மரப்பாலின் மாதிரிகளை லண்டனுக்கு அனுப்பினார். வெந்நீரில் இளகும், குளிர்ந்த கடல்நீரில் இறுகிக் கெடாமல் கிடக்கும். கடலடித் தந்திக் கம்பிகளுக்கு அதைவிடப் பொருத்தமான உறை அன்று இல்லை. ஜொகூரை ஆண்ட தெமெங்கோங் இப்ராஹிமுக்கு இந்த வணிகத்தில் பெருஞ்செல்வம் சேர்ந்தது. ரப்பர் மரத்தைப்போல் கீறிப் பால் எடுத்து மரத்தை வாழவிடும் முறை அப்போது இல்லை. வெட்டிச் சாய்த்துத்தான் எடுத்தார்கள். 1866இல் அட்லாண்டிக்கின் அடியில் நிலைத்த கம்பியைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சாய்ந்த மரங்களின் நினைப்பு வருகிறது. பிறகு பாலித்தீன் வந்து, கடலடியில் கட்டாபெர்ச்சாவின் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

இதே ஜொகூரில்தான் 1921இல் அரசின் மின் அதிகாரி ஏ.எல். பிர்ச், மலாயாவின் முதல் வானொலிப் பெட்டியைக் கொண்டுவந்து, ஜொகூர் வயர்லெஸ் சங்கத்தைத் தொடங்கி, 300 மீட்டர் அலையில் ஒலிபரப்பினார்.

*

நம் தாமான் குடியிருப்பு வீடுகளில் ஒரு தனிச் சிக்கல்: சன்னலுக்குச் சன்னல் இரும்புக் கிரில். கிரில் கட்டம் ஒவ்வொன்றும் மூடிய வளையம். கம்பி அருகே போனால் அதில் மின்னோட்டம் தூண்டப்படும். பட்டை பட்டையாகக் கண்ணாடி அடுக்கிய சன்னலாக இருந்தால் ஒரு பட்டையை எடுத்துவிட்டு, அந்த அளவில் அக்ரிலிக் தகடு பொருத்தி, இன்சுலேட்டரை அதன் நடுவில் வைக்கலாம். கிரிலிலிருந்து இயன்றவரை தள்ளி. சுவரைத்தான் துளைக்க வேண்டுமென்றால் துளை வெளிப்பக்கமாகச் சற்றுச் சரிந்திருக்கட்டும். உள்ளே நுழையுமுன் கம்பி ஒருமுறை கீழே தொய்ந்து மேலேறட்டும். மழைநீர் அந்தத் தொய்விலேயே சொட்டிப்போகும். ஓரங்களைச் சிலிக்கோனால் அடைக்க வேண்டும். இல்லாவிட்டால் எறும்பும் பல்லியும் இடைவெளி பார்த்துக் குடியேறும்.

இடி விஷயத்தில் சமரசமே கிடையாது. உலகில் மின்னல் மிகுந்த நாடுகளில் மலேசியாவும் ஒன்று. எந்த இன்சுலேட்டரும் மின்னலைத் தடுக்காது. கம்பியை வீட்டுக்கு வெளியிலேயே எர்த்தோடு சேர்க்க ஒரு கத்திச் சுவிட்ச் வேண்டும். அந்த எர்த் வீட்டின் மின் எர்த்தோடும் பிணைந்திருக்க வேண்டும். முழக்கம் கேட்டபின் ஓடிப்போய் மாற்றுவது ஆபத்து. பேசி முடித்ததும் மாற்றிவிடுவதே முறை.

நீண்ட நேரம் பேசி முடித்து, டிரான்ஸ்மிட்டரை அணைத்து, எர்த்தில் போட்டபின் இன்சுலேட்டரைப் புறங்கையால் தொட்டுப் பார்க்கிறேன். குளிர்ந்திருந்தால் சரி. வெதுவெதுப்பாக இருந்தால் துணியும் ஸ்பிரிட்டும் எடுத்துத் துடைப்பேன். அப்படியும் அடுத்த முறை சூடேறினால் அதைக் கழற்றிவிட்டு வேறொன்று.