கேட்டலும் தெளிதலும்

காரைக்குடியை அடுத்த கோவிலூர் மடத்தில், கைவல்லிய நவநீதம் முதலிய தமிழ் வேதாந்த நூல்கள் கேட்டல் (ஆசிரியரிடம் பொருளுணர்தல்), சிந்தித்தல் (ஐயங்களை எழுப்பி ஆராய்தல்), தெளிதல் (உணர்ந்ததில் நிலைத்தல்) என்னும் முறையில் பயிலப்பட்டு வந்தன. இம்மூன்றில் எது முதன்மையானது என்னும் வினாவை அத்வைத வேதாந்திகளே எழுப்பி, ஒருமனப்பட முடியாமல் பிரிந்தனர். வாசஸ்பதி மிசிரரைப் பின்பற்றிய பாமதி மரபு தெளிதலுக்குரிய இடைவிடாத தியானத்தையே முதன்மையாகக் கொள்ள, பிரகாசாத்மரின் விவரண மரபோ கேட்டலையே முதற்கருவியாக்கி, ஏனையவற்றைத் தடை நீக்கும் துணைகளாக்கியது.

ஆசிரியரிடம் கேட்பதால் காற்பங்கும், உடன்பயில்வோரோடு பழகுவதால் காற்பங்கும், பிறர்க்கு உரைப்பதால் எஞ்சிய அரைப்பங்கும் கிட்டும் என்று கணக்கிட்ட தமிழ் இலக்கண நூலான நன்னூலும், கேட்டலைத் தொடக்கமாகவே கருதியது. 2006-இல் ரோடிகர், கார்பிக் ஆகிய அமெரிக்க உளவியலாளர்கள் நடத்திய சோதனையில், திரும்பத் திரும்பப் படித்தோர் ஐந்து நிமிடத்திற்குப் பின் முந்தினாலும், ஒரு வாரத்திற்குப் பின் படித்ததை நினைவிலிருந்து எடுத்துரைத்துப் பழகியோரே மிகுதியாக நினைவுகூர்ந்தனர் என்பது, நன்னூலார் கூற்றுக்கு, அவர் குறித்த பங்குகளை மெய்ப்பிக்காவிடினும், வலுவூட்டுகிறது.

ஆயினும், அச்சோதனை அளந்தது நினைவை மட்டுமே. வேதாந்தி தேடுவதோ, ‘நான் உடல்’ என்னும் பிழையுணர்வின் நீக்கம். நூல் முழுவதையும் ஒப்பிக்க வல்லவரிடமும் அப்பிழையுணர்வு அப்படியே இருக்கக்கூடுமாதலால், பாமதியார் தியானத்தை வற்புறுத்தியதில் ஆழ்ந்த நியாயம் உண்டு.