ஹவ்ளும் மரமும் மையவாடியும்

பள்ளிவாசல் என்பது சுவரும் மினாராவும் மட்டுந்தானா, அல்லது அதைச் சுற்றிக் கிடக்கும் மண்ணும் நீரும் மரமும் சேர்ந்ததா? இதைச் சில்லறைக் கேள்வி என்று ஒதுக்கிவிட வேண்டாம். பல்லாவரத்திலிருந்து வண்டலூர் வரையில், தாம்பரத்திலிருந்து மேடவாக்கம் வரையில் நம் ஜமாஅத்துகள் பெருகி வருகின்றன. பழைய பள்ளிகளை இடித்துக் கட்டுகிறோம், புதியவற்றை எழுப்புகிறோம். எங்கும் நிர்வாகிகள் முன் வந்து நிற்கும் கேள்வி ஒன்றே: மிச்சமுள்ள காலி இடத்தை என்ன செய்வது?

பெரும்பாலும் கிடைக்கும் விடை, சிமெண்டு போட்டு மூடு என்பதுதான். ஹவ்ளைத் தூர்த்துக் குழாய் வரிசை வைக்கிறோம். இலை கொட்டுகிறது என்று வேம்பை வெட்டுகிறோம். தெருவோரம் கடை கட்டுகிறோம். கடை கட்டுவதைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை; என் போன்ற இமாம்களின் சம்பளம் அந்த வாடகையில்தான் நடக்கிறது. ஆனால் கடைக்குப் போக எஞ்சிய முற்றத்தையும் ஏன் மூட வேண்டும் என்பதுதான் விளங்கவில்லை. சுத்தம் என்பார்கள். சுத்தத்தைக் கற்றுக் கொடுத்த மார்க்கம் மண்ணை அசுத்தம் என்று சொல்லவில்லையே! தண்ணீர் கிடைக்காதபோது தயம்மும் செய்வது அந்த மண்ணில்தானே?

ஹவ்ளு நம் முற்றங்களுக்கு அழகுக்காக வந்ததல்ல. தேங்கிய நீர் எப்போது கெடும் என்பது ஃபிக்ஹு கிதாபுகளின் தொடக்கப் பாடம். ஷாஃபிஈ மத்ஹபில் இரண்டு குல்லத் அளவு நீர் இருந்தால், நிறமோ சுவையோ வாடையோ மாறாத வரையில் அது சுத்தமானதே. ஹனஃபி மத்ஹபின் பிற்கால உலமாக்கள் பத்து முழத்துக்குப் பத்து முழம் என்று அளவு வைத்தார்கள். அவ்வளவு பரப்புள்ள நீருக்கு ஓடும் நீரின் சட்டம் உண்டு. சென்னைப் பக்கத்தில் உருது பேசும் குடும்பங்களும் ராவுத்தர் குடும்பங்களும் பெரும்பாலும் ஹனஃபிகள். ஆகவே விரிந்த சதுர ஹவ்ளு பள்ளி முற்றத்தின் அங்கமாயிற்று. கிதாபின் ஒரு வரி, முற்றத்தின் அமைப்பையே வரைந்து விட்டது! அதன் விளிம்பில் பெரியவரும் சிறுவரும் வரிசையாக உட்கார்ந்து ஒளூ செய்தார்கள். சிறுவன் பெரியவரைப் பார்த்தே ஒளூவின் முறையைக் கற்றான். நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு முத்து, அதாவது இரு கையும் சேர்த்து அள்ளும் அளவு நீரில் ஒளூ செய்திருக்கிறார்கள். குழாயைத் திறந்துவிட்டுத் தலைக்கு மஸஹு செய்யும் நேரத்திலேயே அதைப் போலப் பல மடங்கு சாக்கடைக்குப் போய்விடுகிறது.

நம் முன்னோர்கள் இடத்தை அமைத்த விதத்தைப் பாருங்கள். கோழிக்கோட்டின் மிஷ்கால் பள்ளி குற்றிச்சிறைக் குளத்தின் கரையில் நிற்கிறது. 1510-ல் போர்ச்சுகீசியர் அதற்குத் தீ வைத்தார்கள்; மீண்டும் அதே கரையில், அதே மலையாள நாட்டு மர வேலைப்பாட்டோடு எழுந்தது. கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் உள்ள பழைய பள்ளிகளில் தமிழ்நாட்டுக் கல்தச்சர் செதுக்கிய தூண்கள் நிற்கின்றன. கடல் கடந்து வணிகம் செய்த அந்த மரைக்காயர்களுக்கு அரபு நாட்டு அமைப்பு தெரியாமல் இல்லை. தெரிந்தும், நிற்கும் மண்ணின் கல்லையே எடுத்தார்கள்.

இன்று நாம் என்ன செய்கிறோம்? புதிய பள்ளிகளின் முன்னும் திருமண மண்டபங்களின் முன்னும் வெளியிலிருந்து வாங்கி வந்த பேரீச்சை. அடியில் தினமும் தண்ணீர் கேட்கும் கொரியன் புல். பேரீச்சையின் மேல் முஸ்லிமுக்கு உள்ள பிரியம் எனக்கும் உண்டு. ஆனால் மதீனாவில் நாயகம் (ஸல்) அவர்கள் செய்தது என்ன? அந்த ஊரைப் புனித எல்லையாக்கி, அங்கே தானாக வளர்ந்து நின்ற மரங்களை வெட்டக் கூடாது என்றார்கள். அங்கே அந்த மண்ணின் மரம் காக்கப்பட்டது. நம் மண்ணில் அந்த இடம் வேம்புக்கும் புங்கைக்கும் பூவரசுக்கும் பனைக்கும் உரியது. பேரீச்சையின் உறவான ஈச்சமரமே இங்கு உண்டு. அதை எந்தப் பள்ளியிலும் யாரும் நடக் காணோம்!

இதில் அண்டை வீட்டாரின் ஹக்கும் இருக்கிறது. தாம்பரம் வட்டாரம் ஏரிகளின் வட்டாரம். பீர்க்கன்காரணை, இரும்புலியூர், சேலையூர், செம்பாக்கம், சிட்லபாக்கம் என்று ஏரிகளை எண்ணிக்கொண்டே போகலாம். கிழக்கே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். 2022-ல் அது ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. அதற்குள் பெரும்பகுதி கட்டடமும் குப்பைமேடுமாகி விட்டது. 2015 டிசம்பர் முதல் தேதி தொடங்கி ஒரே நாளில் தாம்பரத்தில் ஏறக்குறைய 49 செ.மீ. மழை கொட்டியது. முடிச்சூரும் வரதராஜபுரமும் அடையாற்று வெள்ளத்தில் மூழ்கின. அந்த நாட்களில் சென்னையின் பள்ளிவாசல்கள் சாதி மதம் பாராமல் கதவைத் திறந்து இடமும் உணவும் கொடுத்தன. அல்ஹம்துலில்லாஹ். ஆனால் சிமெண்டு போட்ட முற்றத்தில் விழும் மழை எங்கே போகும்? தெருவுக்கு, தெருவிலிருந்து தாழ்ந்த வீட்டுக்கு. பிறருக்குத் தீங்கு தரக் கூடாது என்பது ஷரீஅத்தின் அடிப்படை விதி. வெள்ளம் வந்தபின் சோறு கொடுப்பது நன்மை. நம் முற்றத்து நீரை நாமே மண்ணில் இறக்கிக் கொள்வது அதற்கு முந்திய கடமை என்பது என் கருத்து.

அக்கம் பக்கத்தாரிடம் கற்பதில் தவறில்லை. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி 1937-ல் ஜார்ஜ் டவுனிலிருந்து தாம்பரத்துக்கு வந்தது. சுமார் 365 ஏக்கர்; பெரும்பகுதி புதர்க்காடு. வேதியியல் பேராசிரியர் எட்வர்டு பார்ன்ஸும் அவர் துணைவியார் ஆலிஸும் அங்கே மரங்களை நட்டு வளர்த்தார்கள். இன்றும் புள்ளிமான்கள் அங்கே உலவுகின்றன. ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்து மனிதரும் பறவையும் கால்நடையும் உண்பது அவருக்கு ஸதகா என்னும் ஹதீஸ் நம்மிடம் இருக்கிறது; காடு அவர்களிடம் இருக்கிறது.

மையவாடி விஷயத்தில் நமக்குச் சட்டமே துணை நிற்கிறது. மதீனாவின் அடக்கஸ்தலத்துக்குப் பகீஉல் ஃகர்கத் என்று பெயர். ஃகர்கத் என்பது அங்கே மண்டியிருந்த முள்மரம். மரம் போய்விட்டது, பெயர் நிற்கிறது, நம் பனையூரைப் போல. இரண்டு கபுருகளின் மேல் நாயகம் (ஸல்) அவர்கள் பச்சை மட்டையைப் பிளந்து ஊன்றிய செய்தியைக் கொண்டு, கபுருகளின் மேலுள்ள பச்சைச் செடியைப் பிடுங்குவது மக்ரூஹ் என்று ஹனஃபி உலமாக்கள் எழுதினார்கள். அச்செயல் அவர்களுக்கு மட்டுமே உரியது என்பாரும் உண்டு. அவர்கள் சொல்லை எடுத்துக் கொண்டாலும், மரத்தை வெட்டு என்று யாரும் சொல்லவில்லை. வக்ஃபு நிலத்து மரத்தை முத்தவல்லி தன் சொத்தாக நினைத்து விற்கவும் முடியாது. வரும் தொகை வக்ஃபுக்கே சேரும்.

பாம்பு வருகிறதே என்பார்கள். காய்ந்த புல்லையும் சருகையும் அகற்றத் தடை இல்லை. சீமைக் கருவேலம் தீங்கு தருவதால் அதன் நிலை வேறு, வேரோடு எடுத்துவிடலாம். எடுத்த இடத்தில் கபுருகளுக்கு இடையூறில்லாமல் மதிலோரமாகக் குழி தோண்டி, ஐப்பசி மழைக்கு முன் புங்கையோ பூவரசோ வைத்தால், முதல் கோடைக்கு மட்டும் தண்ணீர் ஊற்றினால் போதும்.