பூசை நின்ற கருவறை

கர்நாடகத்தின் வடபகுதியில், முற்காலத்தில் வாதாபி என்று வழங்கிய பாதாமியில், செங்குத்தாய் எழுந்து நிற்கும் செம்மணற்கற் குன்றுகளுக்கு நடுவே அகஸ்திய தீர்த்தம் என்னும் ஏரி பரந்திருக்கிறது. அதன் கீழ்க்கரையில் பூதநாதர் ஆலயம் நீரை ஒட்டி அமைந்திருக்கிறது. தென்குன்றில் சளுக்கியர் குடைவித்த குகைகள் நான்கு, ஒன்று சிவபெருமானுக்கும் இரண்டு திருமாலுக்கும் ஒன்று சமணத் தீர்த்தங்கரர்களுக்கும் உரியவையாய், ஒன்றன்மேல் ஒன்றாக உயர்ந்து செல்கின்றன.

இவற்றுள் மூன்றாவதே என் சிந்தையைப் பெரிதும் கவர்ந்தது. கி.பி. 578-ல், கார்த்திகைப் பௌர்ணமியன்று, மங்களேசன் அங்கே விஷ்ணுவைப் பிரதிஷ்டை செய்து, நாள்தோறும் நாராயண பலி நிகழவும் அந்தணர் பதினாறு பேருக்கு அன்னம் இடவும் ஒரு கிராமத்தை மானியமாக விட்டு, அதனால் விளையும் புண்ணியம் அனைத்தையும் தன் தமையன் கீர்த்திவர்மனுக்கே நீர்வார்த்துக் கொடுத்தான் என்று அங்குள்ள சாசனம் கூறுகிறது. இன்று அக்கருவறையில் மூலவர் இல்லை. முகமண்டபத்தில், அனந்தன்மேல் அமர்ந்த பெருமான் மட்டும், விளக்கும் நைவேத்தியமும் இன்றி, வருவோர் போவோரை நோக்கியபடி வீற்றிருக்கிறான்.

பூசை நின்ற இடத்தில் தெய்வம் இருக்கிறதா? மந்திரத்தால் ஆவாகனம் செய்யப்பட்ட சாந்நித்தியம் நித்திய பூசை தவறினால் குன்றும் என்பது ஆகமங்களின் கொள்கை; புனர்ப் பிரதிஷ்டை என்னும் கிரியையே அதன்பொருட்டு ஏற்பட்டது. அக்கொள்கையை நான் மறுக்கவில்லை. ஆயினும், அணுவுக்குள்ளும் அண்டத்துக்கு அப்பாலும் நிறைந்ததென்று உபநிடதங்கள் போற்றும் அந்தர்யாமிக்கு ஓரிடத்தை விட்டுப் போவதும் மற்றோரிடத்துக்கு வருவதும் எவ்வாறு கூடும்? ஆவாகனத்தால் அசைவது இறைவன் அல்லன், ஓயாது அலையும் நம் சித்தமே என்றும், பூசை அறுந்தபோது குன்றியது அவனுடைய இருப்பன்று, அதை உணரும் நம்முடைய ஆற்றலே என்றும் கொள்வதுதான் எனக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது. ஆதலின், இவை வெறும் சிற்பங்கள், இனி கலைரசிகர்க்கு மட்டுமே உரியவை என்று சொல்வோருடன் என்னால் உடன்பட முடியவில்லை.

இதற்குச் சரித்திரத்திலேயே ஒரு சான்று உண்டு. 642-ல் நரசிம்மவர்ம பல்லவன் இந்நகரைக் கைப்பற்றித் தன் வெற்றியை இங்குள்ள பாறையிலேயே பொறித்துச் சென்றான். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்துச் சளுக்கிய இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியைக் கொண்டபோது, பழி தீர்க்கும் வாய்ப்பு கையிலிருந்தும், இராஜசிம்மேசுவரத்தின் பொன்னைக் கண்டு மகிழ்ந்து அதை அத்திருக்கோயிலுக்கே திருப்பி அளித்து, அச்செய்தியை அங்கேயே கன்னடத்தில் பொறிக்கச் செய்தான். பகைவன் வழிபட்ட தெய்வம் பகைவனோடு தோற்றுப்போவதில்லை என்பதை அவன் அறிந்திருந்தான் என்றே நான் கருதுகிறேன். அரசனின் தோல்வியால் நீங்காத தெய்வம் அர்ச்சகரின் இன்மையால் மட்டும் நீங்கிவிடுமா?

இருப்பினும் இழப்பு ஒன்றுமில்லை என்று சொல்லத் துணியேன். சாசனத்தை மீண்டும் எண்ணிப் பார்க்கும்போது, என்னை வருத்துவது மூலவர் இல்லாமை அன்று. அண்ணனுக்குப் புண்ணியம் சேரவேண்டுமென்று தம்பி ஏற்படுத்திய தருமத்தில், நாள்தோறும் பசியாறிய பதினாறு பேருடைய பந்தி என்றோ நின்றுபோனது; இறைவனுக்கு அதனால் குறையில்லை, உண்ண வேண்டியவர்களுக்குத்தான் குறை.